பிடியும் நடையும்

கொஞ்ச காலமாக ஒரு வளைகோடு என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. கிடைக்கோட்டில், செல்லுக்குள் இழைகளைப் பிடித்து நடக்கும் மோட்டார் புரதத்தின் வேகம். செங்குத்துக்கோட்டில், அந்த மோட்டார்கள் ஓட்டும் மெல்லிய திரவ ஏட்டின் ஓட்ட வேகம். இடப்பக்கம் தாழ்வில் தொடங்கி மேலே ஏறுகிறது, உச்சியைத் தொடுகிறது, பிறகு இறங்கிவிடுகிறது. ஏறுவதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. இறங்குவதுதான் தொண்டையில் மாட்டிக்கொண்ட முள். உச்சிக்குப் பிறகு கோடு சமமாகப் போயிருந்தால் நிறைவு நிலை என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருப்பேன். இயற்பியல் வாத்தியார்களுக்கு அது கைவசம் உள்ள பதில். ஆனால் கோடு கீழே இறங்குகிறது என்றால் உள்ளே இரண்டு காரியங்கள் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கின்றன என்று அர்த்தம். எவை அந்த இரண்டு?

இதைக் கொண்டுவந்தது என்னிடம் டியூஷன் படிக்கும் ஆறாம் படிவ மாணவி ஒருத்தி. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் டயர் கடைக்கு மேல்மாடியில்தான் என் வகுப்பு. கீழே காற்றடிக்கும் இயந்திரம் அலறும்போது நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். உயிரியலில் மோட்டார் புரதங்களைப் பற்றித் தேடப்போனவள், எங்கோ போய் இந்தப் படத்தில் இடித்துக்கொண்டு, இரவோடு இரவாக வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டாள். மறுநாள் புத்தகத்தைக்கூடத் திறக்கவில்லை. "சார், மோட்டார் வேகமா நடந்தா ஓட்டமும் வேகமாத்தானே இருக்கணும்? இங்க ஏன் சார் கீழ எறங்குது? சரியில்லயே லா." அவள் 'லா' போட்டால் விடமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

படம் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் மார்கரெட் கார்டெலின் ஆய்வுக்கூடமும் கூட்டாளிகளும் 2024-ல் வெளியிட்ட ஆய்வைச் சேர்ந்தது. அவர்கள் பாத்திரத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நம் தசையிலும் இருக்கும் ஆக்டின் இழைகள்: ஏறக்குறைய ஏழு நானோமீட்டர் தடிமன், மேலும் நீண்டு வளராதபடி முனையை மூடி ஒரு மைக்ரோமீட்டர் அளவுக்கு நறுக்கென்று நிறுத்தியவை. எண்ணெயும் நீரும் சந்திக்கும் பரப்பில் அவற்றை நெருக்கி ஒதுக்கினால் மெல்லிய ஒரே ஏடாகப் படிந்து, ஒன்றுக்கொன்று இணையாக அடுக்கிக்கொள்ளும். நெருக்கமான குச்சிகள் இடமில்லாத காரணத்தாலேயே ஒரே திசையில் படுக்கும் என்று லார்ஸ் ஆன்சாகர் 1949-லேயே காட்டிவிட்டார். திசை ஒழுங்கு உண்டு, ஆனால் திரவம் போல ஓடும். அதுதான் திரவப் படிகம். இதில் ஆக்டின்மேல் நடக்கும் மயோசின் மோட்டார்களைக் கொத்துக் கொத்தாகக் கட்டிப் போட்டு, செல்லின் எரிபொருளான ஏடிபி ஊற்றினால் ஏடு தானே ஓடத் தொடங்குகிறது. பம்ப் இல்லை, கிளறுகிற கரண்டி இல்லை. தள்ளுகிற சக்தி முழுவதும் உள்ளேயிருந்தே வருகிறது.

ஓடும்போது அது எப்படி இருக்கும் என்பதைப் பார்க்க ஆய்வுக்கூடம் போக வேண்டியதில்லை, உங்கள் கட்டைவிரலைப் பாருங்கள். கோடுகள் இணையாக வந்து, ஓரிடத்தில் கொண்டை ஊசி போல வளைந்து திரும்புகின்றன. இன்னோரிடத்தில் மூன்று பக்கக் கோடுகள் சந்தித்து முக்கோணமாக நிற்கின்றன. திரவப் படிக ஏட்டிலும் ஒழுங்கு முறியும் இடங்கள், அதாவது பிழைகள், இந்த இரண்டு வகைதான். வேறுபாடு என்னவென்றால், ஏட்டில் கொண்டை ஊசி வகை தன் மழுங்கிய தலை நீட்டிய பக்கமாகத் தானே ஓடும். முக்கோண வகைக்குச் சொந்த ஓட்டம் இல்லை, சுற்றியுள்ள ஓட்டம் இழுத்த பக்கம் போகும். இரண்டும் ஜோடியாகப் பிறக்கின்றன, பிரிகின்றன, வேறு ஜோடியோடு மோதி அழிகின்றன. என் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே எங்களை வளர்த்தவர். அவர் கட்டைவிரலில் ரேகை தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. அடையாள அட்டையான மைகார்டைச் சரிபார்க்கும் இயந்திரத்தில் வைத்தால் ஏறாது. கவுண்டரில் இருக்கும் பெண் துணியால் துடைத்துவிட்டு "சுபா லாகி, மாக்சிக்", இன்னொரு தடவை வையுங்கள் அம்மா, என்பார். அம்மா விரலை அழுத்தி அழுத்தி வைப்பார். ரேகையில் அந்த முக்கோணம் எங்கே இருக்கும் என்று நான் கவனிக்கத் தொடங்கியதே அங்கே வரிசையில் நின்றபோதுதான்.

ஏடு ஏன் ஒரே திசையில் ஒழுங்காக அப்படியே கிடக்கக்கூடாது என்று கேட்கலாம். அதற்கு பதில் முன்பே வந்துவிட்டது. தனக்குள்ளேயே தள்ளுவிசை உள்ள இப்படிப்பட்ட கலவையில் முழு ஒழுங்கு நிலைக்காது, சிறு வளைவு தானே பெரிதாகும் என்று 2002-ல் அதிதி சிம்ஹாவும் ஸ்ரீராம் ராமசாமியும் சமன்பாட்டிலேயே காட்டினார்கள். அந்தத் தள்ளுவிசையை ஓர் எழுத்தால் குறித்துவிடுவது இத்துறையின் வழக்கம். எழுத்து பெரிதானால் கொந்தளிப்பு அதிகம். இத்துடன் பலருக்குத் திருப்தி. எனக்கு இல்லை. அந்த எழுத்துக்குள் நடப்பது என்ன, எந்த மோட்டாரைப் போட்டால் அது எவ்வளவு ஆகும் என்பதைத்தான் மாணவி கேட்கிறாள்.

குட்டையில் பறித்த பாசி

பதில் தெரியாதபோது மைக்ராஸ்கோப்பை எடுத்து வைப்பது என் பழக்கம். ஒன்றும் புரியாவிட்டாலும் பிள்ளைகள் பார்க்க ஏதாவது இருக்கும். பேராக்கில் பழைய ஈயக்குட்டைகளுக்குப் பஞ்சமில்லை, குட்டைகளில் ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடிக்கும் பஞ்சமில்லை. ஒரு கொத்து பறித்து வந்து, இளம் இலையொன்றைக் கிள்ளி, ஒரு சொட்டு குட்டைத் தண்ணீரோடு கண்ணாடித்தகட்டில் வைத்தேன். முதலில் ஒன்றும் அசையாது. விளக்கின் சூடு பட்டுக் கொஞ்ச நேரம் போனதும் நடுநரம்பை ஒட்டிய நீளமான செல்களில் பச்சைமணிகள் நகரத் தொடங்கும். சுவரை ஒட்டியே வரிசையாகப் போய், மூலையில் சற்றுத் தயங்கி, திரும்பி மறுசுவர் வழியாக வரும். சில மணிகள் ஒன்றையொன்று முந்தும். பக்கத்துச் செல்லில் அதே ஊர்வலம் எதிர்த்திசையில் போகும். எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது.

அதை ஓட்டுவதும் மயோசின்தான். செல்சுவரை ஒட்டி உள்பக்கமாக ஆக்டின் கட்டுகள் கிடக்கின்றன. அவற்றின்மேல் மயோசின் நடக்கிறது, நடக்கும்போது சுற்றியுள்ள சாற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. குட்டைகளில் வளரும் சாரா என்ற பாசி இதில் மன்னன். அதன் மயோசின் நொடிக்கு ஐம்பது மைக்ரோமீட்டரும் அதற்கு மேலும் போகும், மயோசின்களிலேயே மிக வேகமான வகை. 2013-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அழகான ஒரு காரியம் செய்தார்கள். அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் மயோசினில் நடக்கும் பகுதியை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் சாராவினுடையதை ஒட்டினார்கள். செல்லுக்குள் ஓட்டம் வேகமானது, செடியும் பெரிதாக வளர்ந்தது. மனிதர்களிடம் உள்ள மெதுவான மயோசினின் பகுதியை ஒட்டியபோது ஓட்டம் மந்தமாகி, செடி சிறுத்தது. மோட்டார் வேகமானால் ஓட்டம் வேகம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இதை நான் பெருமையாகச் சொல்லி முடித்தபோது மாணவி கண்ணை மைக்ராஸ்கோப்பிலிருந்து எடுக்காமலே கேட்டாள்: "சார், இதுல அந்த ஆக்டின் கம்பி நகருதா, இல்ல ஒட்டிக்கிட்டு இருக்கா?" ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றேன். "அப்ப அந்தப் பாத்திரத்துல?" அதற்கப்புறம் கீழே காற்று இயந்திரம் அலறத் தொடங்கிவிட்டது. பரவாயில்லை, யாருக்கும் பேச வேண்டிய தேவை இருக்கவில்லை.

பாத்திரத்தில் எதுவும் எதிலும் ஒட்டியில்லை. செடியில் தண்டவாளம் சுவரோடு பிணைக்கப்பட்டது. ஆகவே அதில் ஒரே ஒரு மயோசின் தனியாக நடந்தாலும் அந்த நடை வீண்போகாது. ஏட்டில் தண்டவாளமே மிதக்கிறது. ஓர் இழையின்மேல் மட்டும் மயோசின் கொத்து ஏறி நடந்தால் மோட்டார்தான் போகுமே தவிர இழை பெரிதாக நகராது. இழை நகர வேண்டுமென்றால் அந்தக் கொத்தின் ஒரு தலை இந்த இழையையும் இன்னொரு தலை அடுத்த இழையையும் ஒரே நேரத்தில் பிடித்திருக்க வேண்டும். அப்போது நடந்தால்தான் இழைகள் ஒன்றையொன்று உரசி நழுவும். அந்த நழுவல்கள் கூடித்தான் ஓட்டம். அதாவது பாத்திரத்தில் மோட்டாருக்கு இரண்டு வேலை: நடப்பது ஒன்று, கட்டிப் பிடித்திருப்பது இன்னொன்று.

தள்ளும் தலையே கட்டும் தலை

இந்த இரண்டு வேலையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது என்பதில்தான் அந்த வளைகோட்டின் சூட்சுமம் இருக்கிறது. மயோசினுக்கு ஏடிபி எரிபொருள் என்று நாம் சொல்லித்தருகிறோம். அது பாதிக் கதை. ஆக்டினைப் பிடித்திருக்கும் மயோசின் தலையில் ஏடிபி வந்து உட்கார்ந்தவுடன் முதலில் நடப்பது விடுதலை: தலை பிடியை விட்டுவிடும். பிறகுதான் அது உடைந்து, தலை நிமிர்ந்து, மறுபடி பிடித்து, இழுக்கும். ஏடிபி இல்லையென்றால் தலை பிடித்த பிடியிலேயே நிற்கும். தோட்டத்தில் சாவு விழுந்தால் கை கால் விறைப்பதற்கு முன் நேராக வைத்துக் கட்டிவிட வேண்டும் என்று பெரியவர்கள் அவசரப்படுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். மூச்சு நின்றபின் தசையில் ஏடிபி தீர்ந்துபோகிறது. கோடிக்கணக்கான மயோசின் தலைகள் ஆக்டினைப் பிடித்தபடி பூட்டிக்கொள்கின்றன. அந்த விறைப்பு முழுக்க முழுக்கப் பிடிதான், நடை துளியும் இல்லை.

இனி ஏடிபியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஒவ்வொரு தலையும் சீக்கிரம் சீக்கிரமாக விடும், சீக்கிரம் சீக்கிரமாக நடக்கும். நடை வேகம் கூடும், பிடித்திருக்கும் நேரம் குறையும். வெள்ளைப்பலகையில் நான் போட்ட கணக்கு இது, அந்த ஆய்வாளர்களின் மாதிரி இதைவிட எவ்வளவோ நுணுக்கமானது. கொத்துக்கு இரண்டு தலை, இரண்டும் ஒன்றையொன்று கேட்காமல் பிடித்து விடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தலை மொத்த நேரத்தில் எவ்வளவு பங்கு பிடித்திருக்கிறதோ, இரண்டும் சேர்ந்து பிடித்திருக்கும் வாய்ப்பு அந்தப் பங்கின் வர்க்கம். ஏடிபி மிகக் குறைவாக இருக்கும்போது பங்கு ஒன்றுக்கு அருகில் நிற்கும். நடையை இரட்டிப்பாக்கினாலும் பிடி அதிகம் குறையாது, ஓட்டம் கூடும். இது கோட்டின் ஏற்றம். ஏடிபி தாராளமாக உள்ள பக்கத்தில் நடையை இரட்டிப்பாக்கும்போது பிடிக்கும் பங்கு பாதியாகிறது என்று எடுத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து பிடிக்கும் வாய்ப்பு கால்வாசியாகிவிடும். இருமடங்கு நடை, கால்வாசி பிடி, பெருக்கினால் பாதி. இது கோட்டின் இறக்கம். மாணவி அந்த ஒரு வரியைப் படம் எடுத்துக்கொண்டாள். மிச்சத்தை அழித்துவிட்டேன்.

கொத்தில் தலைகள் எத்தனை என்பதும் ஏன் முக்கியம் என்று இதிலிருந்தே தெரியும். ஒவ்வோர் இழையையும் ஒரு தலைக்குப் பதில் இரண்டு மூன்று தலைகள் பற்றினால், ஒன்று விட்டாலும் மற்றது பிடித்திருக்கும். வேகமான மோட்டாரையும் அப்போது நம்பலாம். நடை வேகம், விடாமல் எவ்வளவு தூரம் நடக்கும் என்ற குணம், தலைகளின் எண்ணிக்கை, இந்த மூன்றையும்தான் சிக்காகோ குழு ஏட்டின் ஓட்டத்தோடு பொருத்திப் பார்த்தது.

ஆனால் எனக்கு இதைவிடப் பிடித்தது இன்னொரு முடிவு. திரவப் படிகம் என்றால் அதற்கு வளைவை எதிர்க்கும் மீள்தன்மை உண்டு. ஆன்சாகர் சொன்ன நெருக்கடியிலிருந்தே அது பெரும்பாலும் வருகிறது என்று எடுத்துக்கொள்வது இயல்பு. குச்சிகள் நெருக்கமாக இருக்கின்றன, வளைந்தால் இடிக்கின்றன, ஆகவே எதிர்க்கின்றன. இந்த ஏட்டில் கதை வேறு. மோட்டார்களும், நடக்கத் தெரியாத வெறும் கட்டுப்புரதங்களும் இழைகளைக் குறுக்கே கட்டுவதிலிருந்து வரும் மீள்தன்மை நெருக்கடியிலிருந்து வருவதை மிஞ்சி நிற்கிறது. அந்தக் கட்டுப்புரதங்களின் அளவை மாற்றிப் பார்த்தபோது, மோட்டார் செலவழிக்கும் ஆற்றலில் எவ்வளவு ஓட்டமாகப் போய்ச் சேருகிறது என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது இந்தக் கட்டுதான் என்றும் தெரிந்தது. ஒரு பைசா வேலை செய்யாத புரதம்! தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் இப்படி ஓர் ஆள் நின்றிருந்தால், கணக்குப்பிள்ளையான கிராணி பெயரை வெட்டியிருப்பார்.

இதில் சமன்பாட்டுக்காரர்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. கொந்தளிக்கும் ஏட்டில் பிழைகளுக்கு இடையிலான தூரம், மீள்தன்மையைத் தள்ளுவிசையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பதை ஒட்டிப் போகும். ஓட்டத்தின் வேகம் இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து, பாகுநிலையால் வகுத்ததை ஒட்டிப் போகும். கணினியில் இந்த இரண்டும் தனித்தனித் திருகு. ஒன்றைத் திருகினால் மற்றது சும்மா இருக்கும். பாத்திரத்தில் அப்படி ஒரு வசதி கிடையாது. மோட்டாரைக் கூட்டினால் தள்ளுவிசையும் கூடுகிறது, கட்டும் கூடுகிறது. ஏடிபியைக் கூட்டினால் நடை கூடி, கட்டு தளர்ந்து, தளர்ந்ததால் தள்ளுவிசையும் போய்ச் சேராமல் போகிறது. தள்ளுவிசையை ஒரே எழுத்தாக வைத்துக்கொண்டு அது வெளியிலிருந்து கொடுக்கப்பட்டது போலப் பேசும் வழக்கம் எனக்கு உவப்பாக இல்லாததற்குக் காரணம் இதுதான்.

மோட்டார் மாறினால்

எல்லா மோட்டாரும் மயோசின் போல நடப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் வேகமே கெடுதல் என்று யாராவது எடுத்துக்கொள்வார்கள். இந்தத் துறையையே பிரபலமாக்கிய சோதனை 2012-ல் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்வோனிமிர் டோகிச் குழு செய்தது. அங்கே ஆக்டினுக்குப் பதில் 25 நானோமீட்டர் தடிமனான நுண்குழல்கள், மயோசினுக்குப் பதில் கைனசின். கணவாயின் நரம்பில் 1985-ல் கண்டெடுத்த மோட்டார் அது. ஒரு ஏடிபிக்கு எட்டு நானோமீட்டர் வீதம் அடிவைத்து, நொடிக்கு ஒரு மைக்ரோமீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் போகும். சாராவின் மயோசினோடு ஒப்பிட்டால் நொண்டி. ஆனால் அதன் இரண்டு தலைகளும் மாற்றி மாற்றித்தான் விடும், ஒன்று எப்போதும் பிடித்திருக்கும். அப்படியே ஏறக்குறைய நூறு அடி வரைக்கும் விழாமல் நடந்துவிடும். ஆகவே ஏடிபியைக் கூட்டும்போது கைனசின் ஏட்டில் ஓட்டம் கூடிக்கொண்டே போய் நிறைவு நிலைக்கு வந்துவிடுகிறது. வாத்தியார்களின் கைவசப் பதில் இங்கே செல்லும்.

கைனசின் குடும்பத்திலேயே இன்னொன்று, கிஃப்4ஏ, நுண்குழலின் முனையை அடைந்ததும் இறங்கிப் போகாமல் அங்கேயே குவியும். 2022-ல் டோகிச் குழுவினர் அதைக் கலந்து பார்த்தபோது முனைகள் ஒன்றோடொன்று கட்டப்பட்டு நட்சத்திர வடிவங்களும் அடுக்குகளும் உருவாயின. நடைவேகத்தில் பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. வழி முடிந்த இடத்தில் மோட்டார் என்ன செய்கிறது என்ற ஒரே குணம் பொருளின் வடிவத்தையே மாற்றிவிடுகிறது. இப்படி ஒரு குணத்தை எந்த ஒற்றை எழுத்துக்குள் அடக்குவது?

மாணவி இப்போது அடுத்ததற்குப் போய்விட்டாள். நீல ஒளி பட்டால் வேகம் கூடும் மயோசின்களை வடிவமைத்து, ஏட்டின் ஒரு பகுதியில் மட்டும் ஒளிபாய்ச்சி, அங்கே பிழைகளின் ஓட்டத்தைத் திருப்பிக் காட்டிய ஆய்வு 2021-ல் வந்தது. அதன் காணொளியை அனுப்பி, வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையில் உள்ள எல்லையில் பிழைகள் ஏன் திரும்புகின்றன என்று கேட்டிருக்கிறாள். வெளிச்சத்தில் தள்ளுவிசை அதிகம் என்பது வழக்கமான விளக்கம். ஆனால் வெளிச்சத்தில் மோட்டார் வேகமானால் பிடியும் மாறத்தானே வேண்டும்? பிடி மாறினால் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மீள்தன்மை ஒன்றாக இருக்காது. பிழை திரும்புவது தள்ளுவிசையாலா, மீள்தன்மை மாறியதாலா என்று பிரிக்க வேண்டுமென்றால், நடக்கத் தெரியாத அந்தக் கட்டுப்புரதத்தை நிறையப் போட்டு, மோட்டாரின் பிடி மாறினாலும் மொத்தக் கட்டு அதிகம் மாறாதபடி செய்துவிட்டு அதே ஒளியைப் பாய்ச்சிப் பார்க்கலாம் என்று அவளுக்கு எழுதியிருக்கிறேன். கட்டு அதிகமானால் ஏடு முழுவதும் இறுகிவிடாதா சார் என்று பதில் வந்திருக்கிறது. எவ்வளவு போட்டால் இறுகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.